இரண்டு டம்ளர் தண்ணீர்

மேசையைச் சுற்றி இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன்.

விடுதியை நடத்துகிற கன்னியாஸ்திரி மதர் இருந்தார். கண்ணாடி மூக்கு நுனியில் இருந்தது. பார்சலின் சணல் கயிற்றை வெட்டாமல் ஒவ்வொரு முடிச்சாக அவிழ்த்துக்கொண்டிருந்தார். கயிறு வீணாகக் கூடாது.

சமையல் அக்கா இருந்தார். கையில் முறம், முறத்தில் அரிசி. தின்கிற சாமான் ஏதாவது வந்திருக்கும் என்று எட்டிப் பார்க்க வந்தவர்.

கன்னடக்காரி இருந்தாள். வீட்டில் கன்னடம், வெளியில் தமிழ். இரண்டிலும் வாய் நீளம்.

குட்டி இருந்தாள். மூன்றாம் வகுப்பு. எப்போதும் யார் பாவாடையையாவது பிடித்துக்கொண்டு நிற்பாள். அன்று என் பாவாடை.

மலைக்காரி இருந்தாள். வத்தல்மலையிலிருந்து வந்தவள். என்னோடு ஏழாம் வகுப்பு. எல்லோரும் பார்சலைப் பார்த்தோம். அவள் மதரின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் இருந்தேன்.

மற்ற பிள்ளைகள் குடம் எடுத்துக்கொண்டு தண்ணீருக்குப் போயிருந்தார்கள். விடுதியில் மொத்தம் நாற்பத்திரண்டு பெண் பிள்ளைகள். தினமும் சாயங்கால ஜெபத்துக்கு முன் மதர் எங்களை வரிசையில் நிறுத்தி, தலையில் விரல் வைத்து எண்ணுவார். கணக்கு சரியாக வந்தால்தான் ஜெபம். அதற்குப் பிறகுதான் சோறு.

அந்த வருடத்தை என் வயதுக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. எண்பதுகளின் தொடக்கம். மழை இல்லை. பென்னாகரம் ரோட்டுப் புளியமரங்கள்கூட இலையைச் சுருட்டிக்கொண்டு நின்றன. எங்கள் விடுதி அந்த ரோட்டின் மேல்தான் இருந்தது. முற்றத்தில் ஒரு கைபம்பு. அடித்தால் தண்ணீர் வரும், ஆனால் உப்பு. பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்து வைத்தால், காய்ந்ததும் வெள்ளை வெள்ளையாகத் திட்டு நிற்கும். அதில் பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது. நம் ஊர்த் தண்ணீர் பல்லை என்ன செய்யும் என்று உங்களுக்கே தெரியும். வெளியூரில் போய் நாம் சிரித்தால் போதும், “தர்மபுரியா?” என்று கேட்பார்கள். விடுதியில் எல்லோர் பல்லும் பழுப்பு. மலைக்காரி பல் மட்டும் வெள்ளை. மலையில் ஊற்றுத் தண்ணீர் குடித்து வளர்ந்தவள்.

குடிக்கிற தண்ணீர் ஒரு தோட்டத்துக் கிணற்றிலிருந்து வர வேண்டும். போக ஒரு மைல், வர ஒரு மைல். அதை நல்ல தண்ணீர் என்போம். சோற்றுக்கு உட்காரும்போது ஆளுக்கு ஒரு டம்ளர். அதற்கு மேல் கேட்கக் கூடாது. கேட்டாலும் கொடுக்க இருக்காது.

எங்கள் ஒவ்வொருவருக்கும் வெளிநாட்டில் ஒருவர் இருந்தார். எங்கள் சாப்பாட்டுக்கும் படிப்புக்கும் பணம் அனுப்புகிறவர். சீமை அம்மா, சீமை அப்பா என்போம். முகம் பார்த்ததில்லை. கிறிஸ்துமஸுக்கு நாங்கள் கையால் செய்த வாழ்த்து அட்டை ஒன்று அவர்களுக்குப் போக வேண்டும். எல்லா அட்டையும் ஒரே கட்டாக அங்கே ஓர் அலுவலகத்துக்குப் போகும். அவர்கள் பிரித்துக் கொடுப்பார்கள்.

மலைக்காரிக்கு ஒரு சீமைத் தாத்தா இருந்தார். ஆடி மாதம் அவர் இறந்துவிட்ட செய்தி வந்தது. அவள் கிணற்றடியில் உட்கார்ந்து அழுதாள்.

“பார்க்காத கெழவனுக்கு என்னாடி இத்தினி அழுவை?” என்றாள் கன்னடக்காரி.

“அவுரு இல்லீன்னா நான் மேல போவணும்.”

மேலே என்றால் மலைக்கு. அங்கே பள்ளிக்கூடம் ஐந்தாவது வரைதான். அதற்கு மேல் சாமைக் காடு, ஆடு, பிறகு கல்யாணம். அவளுக்கு நேர் மூத்தவளுக்கு முந்தின தையில் முடிந்திருந்தது.

மதர் அவளை உடனே அனுப்பவில்லை. கூப்பிட்டுச் சொன்னார்.

“கிறிஸ்துமஸ் வரைக்கும் இரு. உன் அட்டையும் கட்டுல போகட்டும். அதுக்கு ஆள் பேர் இருக்காது. அங்க யாராவது பாத்துப் பிடிச்சா, அவங்க உன்னை எடுத்துப்பாங்க. நல்லாப் பண்ணு.”

நல்லாப் பண்ணு. எப்படிப் பண்ணுவது என்று மதருக்கும் தெரியாது. மற்ற வருடங்களில் வைக்கோலை அறுத்து ஒட்டுவோம். அரச இலையைக் காயவைத்து ஒட்டுவோம். அந்த வருடம்தான் இந்தப் பார்சல் வந்தது.

தின்பதற்கு ஒன்றும் இல்லை. சமையல் அக்கா முறத்தோடு திரும்பினார். உள்ளே ஒரு தகரப் பெட்டி. பெட்டிக்குள் குழிகள். ஒவ்வொரு குழியிலும் கூழாங்கல் மாதிரி காய்ந்துபோன ஒரு சாயக் கட்டி. மூன்று பிரஷ். அடியில் கெட்டித் தாள், கையில் தடவினால் சொரசொரவென்று இருந்தது. அதோடு மடித்த தாள் ஒன்று, படம் போட்டது. மதர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“இங்கிலீஷ் இல்ல. என்ன பாஷையோ. படத்தைப் பாத்து நீங்களே பண்ணுங்க. தாளை வீணாக்காதீங்க.”

கயிற்றைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார்.

முதல் படத்தில் இரண்டு கண்ணாடி டம்ளர். இரண்டிலும் தண்ணீர். பக்கத்தில் பிரஷ்.

“ஒண்ணு பிரஷ்ஷுக்கு” என்றாள் கன்னடக்காரி. “ஒண்ணு குடிக்கறதுக்கு.”

“படம் போடறப்ப எதுக்குடி குடிக்கணும்?” என்றேன்.

“சீமைல மட்டும் தாவம் எடுக்காதா?”

நாங்கள் நம்பினோம். அந்த வருடம் தாளில் தண்ணீரைப் பார்த்தாலும் குடிக்கத்தான் தோன்றும்.

இப்போது எனக்குத் தெரியும். ஒன்று பிரஷ்ஷைக் கழுவ. மற்றது சாயத்தில் கலக்க. கழுவின தண்ணீரையே கலந்தால் மஞ்சளும் சேறு, சிவப்பும் சேறு.

சனிக்கிழமைகளில்தான் படம் போடுவோம். முதல் சனிக்கிழமை குட்டி இரண்டாவது டம்ளர் எது என்று தெரியாமல் கழுவின தண்ணீரை எடுத்து மடக்கென்று குடித்துவிட்டாள். சத்தமே இல்லை. சமையல் அக்கா வந்து பார்த்தார்.

“ஐயோ சாமி, புள்ளக்கி ஒதடெல்லாம் நீலம் பாஞ்சிருச்சே! பாம்பு கீம்பு தொட்டுச்சா?”

குட்டியைத் தூக்கிக்கொண்டு மதரிடம் ஓடினார். மதர் ஓடி வந்தார். குட்டியின் வாயைத் திறந்தார். நாக்கும் நீலம். பிறகு மேசையைப் பார்த்தார்.

“எப்படி இருந்துச்சு?” என்று குட்டியைக் கேட்டார்.

“உப்பு” என்றாள் குட்டி.

அன்றிலிருந்து படம் போடும் இடத்தில் நல்ல தண்ணீர் வரக் கூடாது என்று உத்தரவு. குடிக்கிற தண்ணீர் வேறு, இது வேறு. படத்துக்குக் கைபம்புத் தண்ணீர்தான். சரியான உத்தரவு என்றே நாங்களும் நினைத்தோம்.

இரண்டாவது படத்தில் ஒரு கடிகாரம் இருந்தது. முள் மூன்றில் நின்றது. மூன்று மணிக்குத்தான் தொடங்க வேண்டும் என்று எடுத்துக்கொண்டோம். குட்டியை ஆபீஸ் அறைக் கடிகாரத்தின் கீழே நிறுத்திவைப்போம். மணி அடித்ததும் அவள் ஓடி வருவாள், நாங்கள் பிரஷ்ஷை நனைப்போம். பத்து சனிக்கிழமை இருந்திருந்தால் பத்திலும் அப்படித்தான் செய்திருப்போம்.

மூன்றாவது படத்தில் தாளை ஒரு பலகையில் ஒட்டியிருந்தார்கள். சமையல் அக்கா மைதாப் பசை காய்ச்சிக் கொடுத்தார். பின்பக்கம் முழுக்கப் பசையைத் தடவி, என் தகரப் பெட்டி மூடியில் ஒட்டினேன். படம் முடிந்தது. தாள் வரவில்லை. இழுத்தால் பாதி வானம் மூடியிலேயே நின்றுவிட்டது. ஓரம் மட்டும்தான் ஒட்ட வேண்டும், அதுவும் தாள் நனைந்து சுருண்டுகொள்ளாமல் இருப்பதற்காக. பின்னால்தான் புரிந்தது. அந்த நீலம் கல்யாணமாகிப் போகும்போதும் என் பெட்டி மூடியில் இருந்தது. பெட்டி பழைய இரும்புக்குப் போனபோதும் இருந்தது.

கடிகாரத்தின் அர்த்தத்தைக் கண்டுபிடித்தவள் மலைக்காரி. அவள்தான் அந்தத் தாளை அதிக நேரம் பார்த்தாள். மற்றவர்களுக்கு அது விளையாட்டு. அவளுக்கு அப்படி இல்லை.

“இதப் பாரு” என்று எனக்குக் காட்டினாள். “கடியாரத்துப் பக்கத்துல கையக் கட்டிக்கிட்டு ஒரு ஆளு. மூணு மணின்னு சொல்லல. காயற வரைக்கும் கைய வெக்காத, சும்மா இருன்னு சொல்றாங்க.”

அப்படியே செய்து பார்த்தோம். மஞ்சள் காய்ந்த பிறகு பச்சையை வைத்தால் பச்சை தன் இடத்தில் நின்றது. காயும் முன் வைத்தால் ஓடிக் கலந்தது. ஓட வேண்டும் என்றால் ஈரத்தில் வை. நிற்க வேண்டும் என்றால் காயவிடு. வெளிறின நிறம் முதலில், கறுத்த நிறம் கடைசியில். கறுப்பை முதலில் வைத்துவிட்டால் அதன் மேல் எதுவும் ஏறாது. நாங்கள் சிலேட்டுப் பழக்கத்தில் கறுப்புக் கோடு இழுத்துவிட்டு உள்ளே நிரப்பிக்கொண்டிருந்தோம். நிறம் வெளிற வேண்டுமானால் தண்ணீர் சேர்த்தால் போதும். வைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் தேய்த்தால் தாள் நூல் நூலாக எழும்பும். இவ்வளவுதான் நாங்கள் கற்றது. நான்கு வரிகூட வராது. எங்களுக்கு ஐப்பசி முழுக்க ஆனது.

ஆனால் வெள்ளை மட்டும் தீராத சண்டை. பெட்டியில் வெள்ளைச் சாயம் இல்லை.

“தபால்லயே எவனோ நோண்டிட்டான்” என்றார் சமையல் அக்கா.

“போஸ்ட்மேன் வூட்டுச் சுவரப் போய்ப் பாக்கணும். வெள்ளையா இருக்குதான்னு” என்றாள் கன்னடக்காரி.

நாங்கள் பல்பொடியைக் குழைத்து வெள்ளை செய்தோம். தேவதூதருக்கு உடுப்பு, ஆட்டுக்கு உரோமம், எல்லாம் பல்பொடி. காய்ந்ததும் பொருக்கு பொருக்காக உதிர்ந்தது. குட்டியின் தேவதூதர் தபாலுக்குப் போகும் முன்பே அம்மணமாகிவிட்டார்.

தாளின் கடைசிப் படம் ஒரு நிலா. சுற்றிக் கருநீலம். நிலாவில் ஒன்றும் பூசவில்லை. மலைக்காரி அதில் விரலை வைத்தாள்.

“வெள்ள எதுக்கு? தாளே வெள்ளதான. எங்கூட்ல சுவத்துக்குச் செம்மண்ணு பூசறப்ப, வெள்ளப் பட்ட வேணும்னா அங்க பூசாம வுட்ருவோம். அதான் இது.”

“பூசாம வுட்டா சோம்பேறித்தனம்னு சொல்லுவாங்கடி” என்றேன்.

“எங்காத்தா சொல்ல மாட்டாங்க” என்றாள்.

அடுத்த சனிக்கிழமை மதியச் சோற்றில் அவள் தண்ணீர் குடிக்கவில்லை. டம்ளரைத் தட்டால் மூடி எடுத்துக்கொண்டாள். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். புளிக்குழம்பு. தொண்டையில் நிற்கிற குழம்பு.

“எங்கடி எடுத்துக்கிட்டுப் போற?”

“உப்புத் தண்ணி காஞ்சா வெள்ளத் திட்டா நிக்குது. பாத்த இல்ல? வானமெல்லாம் தேமலு மாதிரி. எனக்குத் திட்டு வேணாம்.”

கன்னடக்காரி கேட்டுக்கொண்டிருந்தாள். தன் டம்ளரில் பாதியை அவள் டம்ளரில் ஊற்றினாள்.

“எனக்கு இன்னிக்கித் தாவமில்ல” என்றாள். நானும் ஒரு வாய் விட்டேன். குட்டியைக் கேட்கவில்லை. அவளே கொண்டுவந்து ஊற்றினாள். அதில் பருக்கை கிடந்தது, எடுத்துப் போட்டோம்.

மற்ற பிள்ளைகள் துணி துவைக்கப் போன நேரத்தில், எங்கள் முன்னால், மலைக்காரி தாளின் நான்கு ஓரத்தை மட்டும் பலகையில் ஒட்டினாள். பெரிய பிரஷ்ஷால் தாள் முழுக்க வெறும் தண்ணீரைத் தடவினாள். சாயமே இல்லை. பலகையைக் கண்ணுக்கு நேராகச் சாய்த்துப் பிடித்து, மினுமினுப்பு அடங்குகிற வரை காத்திருந்தாள். பிறகு மேலே ஓர் இடத்தில் சாம்பல் நீலத்தைத் தொட்டாள். அது தானாகப் பரவியது. அவள் பலகையைச் சாய்த்து, இந்தப் பக்கம் போ, அந்தப் பக்கம் போ என்று வழி மட்டும் காட்டினாள். மேலே ஒரு மலை வந்தது. காயவிட்டாள். கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், அந்தப் படத்து ஆள் மாதிரியே. காய்ந்த பிறகு கீழே கறும்பச்சையில் மர உச்சிகள். அவற்றின் நடுவே ஓர் இடத்தில் சாயம் ஈரமாக இருக்கும்போதே பாவாடை நுனியால் ஒற்றி எடுத்தாள். அங்கே அடுப்புப் புகை எழுந்தது.

மலைக்கும் மரத்துக்கும் நடுவில் ஒன்றும் இல்லை. வெறும் தாள்.

“மார்கழிக் காலைல எங்கூரு இப்பிடித்தான் இருக்கும்” என்றாள். “மஞ்சு எறங்கிடும். நடுவுல வூடெல்லாம் இருக்குது. தெரியாது.”

குட்டி அந்த வெள்ளைக்குள் வீட்டைத் தேடிக்கொண்டு நின்றாள்.

எனக்குப் படிப்பு எட்டாவதோடு நின்றது. காடு பார்க்க ஆள் இல்லை. அதற்குப் பிறகு நான் பெரிய படமெல்லாம் பார்த்ததில்லை. காலண்டர் படம் பார்த்திருக்கிறேன். அது மாதிரி ஒன்று இன்றுவரை என் கண்ணில் படவில்லை.

மதர், எப்போதாவது வருகிற தண்ணீர் வண்டிக்காரனோடு சண்டை போட்டுவிட்டு வந்தார். முகம் வாடியிருந்தது. படத்தை எடுத்துப் பார்த்தார்.

“நல்லா ஆரம்பிச்சிருக்க. ஏன் முடிக்கல?”

“முடிச்சிட்டங்க மதர்.”

“பாதித் தாள் சும்மா கிடக்கே.”

“அது மஞ்சுங்க மதர்.”

“எது?”

“அந்தச் சும்மா கெடக்கறதுதாங்க.”

மதர் சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை. நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

“இங்க பாரு பிள்ள. அங்க இருக்கறவங்களுக்கு நீ யாருன்னு தெரியாது. இதைப் பாத்தா என்ன நினைப்பாங்க? பாதியிலயே எழுந்து போயிருச்சு, படிப்பையும் இப்படித்தான் விட்டுட்டுப் போகும்னு நினைப்பாங்க. இது ஒண்ணுதான் உனக்கு. வேற ஒண்ணு போடு. குடில் போடு, நட்சத்திரம் போடு. ஒரு இடம் சும்மா இருக்கக் கூடாது. புரியுதா?”

“சரிங்க மதர்.”

அவர் போன பிறகு மலைக்காரி பிரஷ்ஷைக் கழுவி, முனையை விரலால் கூராக்கிப் படுக்கவைத்தாள். பிரஷ்ஷைத் தண்ணீரில் நிற்கவைத்தால் முனை வளைந்துவிடும். அதுவும் அந்தத் தாளில் இருந்தது.

மறுநாள் காலைக் கஞ்சிக்குப் போனோம். தண்ணீர்ப் பானைக்கு மேலே சுவரில் அந்தப் படம் தொங்கியது. வெள்ளையாக விட்ட இடத்தில், மலைக்கும் மரத்துக்கும் நடுவே, சிவப்பு மையில் கொட்டை எழுத்து. நல்ல தண்ணீர். ஆளுக்கு ஒரு டம்ளர்.

மதரின் கையெழுத்து அழகாக இருக்கும். அன்றும் அழகாகத்தான் இருந்தது.

“அய்யோ தேவரே” என்றாள் கன்னடக்காரி. “ஏறிக் கிழிச்சிப் போட்டுடட்டா?”

“வுடு” என்றாள் மலைக்காரி.

“ஏய், உம் படம்டி அது!”

“வுடுடி. எங்கூரு மஞ்சுல எருமையே காணாமப் போவும். எழுத்து என்னா.”

தன் டம்ளரை நீட்டி வாங்கிக் குடித்தாள்.

அப்போது எனக்கு மதர் மேல் கோபம். இப்போது அவர் வயதைத் தாண்டிவிட்டேன். அவர் தலைமேல் நாற்பத்திரண்டு வாய் இருந்தது. ஒரு கெட்டித் தாள் பாதி எழுதாமல் கிடந்தது. கயிற்றையே வெட்டாதவர் அதை எப்படிச் சும்மா விடுவார்? அவளை வைத்துக்கொள்ளத்தான் அந்தப் படத்தை வேண்டாம் என்றார். அது அன்றைக்கு எங்களுக்குத் தெரியவில்லை.

கடைசிச் சனிக்கிழமை வந்தது. திங்கட்கிழமை கட்டு தபாலில் போக வேண்டும். தோட்டத்துக் கிணறு சேறாகிவிட்டது. ஆளுக்கு ஒரு டம்ளர் என்பது அரை டம்ளர் ஆகியிருந்தது. மிச்சம் பிடிக்க ஒன்றும் இல்லை. யாரும் யாருக்கும் ஊற்ற முடியவில்லை.

மலைக்காரி கைபம்பை அடித்து ஒரு டம்ளர் பிடித்தாள். மதர் சொன்னபடியே போட்டாள். முதலில் மஞ்சளில் நட்சத்திரம். பிறகு குடில், மாடு, ஆடு. கடைசியில் ஓரம் தொட்டு ஓரம் வரை கருநீல வானம். பிரஷ் நிறையத் தண்ணீர் எடுத்து, பலகையைச் சாய்த்து, கோடு விழாமல் மேலிருந்து கீழாக இறக்கினாள். ஈரத்தில் பார்த்தபோது குறையே இல்லை.

காயக் காயத் திட்டு வந்தது. முதலில் ஓரத்தில். பிறகு நட்சத்திரத்தைச் சுற்றி. பிறகு வானம் முழுக்க, பெரிதும் சிறிதுமாக வெள்ளைப் பூப்பு. அவள் துணியால் ஒற்றினாள். இன்னும் ஏறியது. மேலே இன்னொரு முறை நீலம் வைத்தாள். அது காய்ந்ததும் அதிலும் வந்தது.

“போதும்டி, தாளு ஓட்டையாயிடும்” என்றேன்.

மறுநாள் மதர் கட்டுப் போட உட்கார்ந்தார். அந்த அட்டையைக் கையில் எடுத்து, விரலால் ஒரு திட்டைச் சுரண்டினார். வாயில் வைத்துப் பார்த்தார். மலைக்காரியை நிமிர்ந்து பார்த்தார். வேறு தாளும் இல்லை, நேரமும் இல்லை. அட்டையைக் கட்டின் அடியில் வைத்தார். அந்தப் பழைய சணல் கயிற்றாலேயே கட்டினார்.

கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு அவள் அப்பா வந்தார். தலையில் துண்டு, கையில் தேன் பாட்டில். அதை மதரின் காலடியில் வைத்தார்.

“பதில் வந்ததா சாமி?”

“இன்னும் இல்லைங்க. வந்தா சொல்லி அனுப்பறேன்.”

“அனுப்புங்கம்மா. ஆனா தையில ஒரு எடம் கேட்டு வந்திருக்குது. நல்ல எடம். நான் எத்தினி நாளக்கி நிறுத்தறது, சொல்லுங்க.”

“சின்னப் பிள்ளைங்க அது.”

“கீழ இருந்தா சின்னப் புள்ளைங்க. மேல வந்துட்டா இல்லீங்க.”

அவர் கெட்டவர் இல்லை. சொல்லும்போது தரையைப் பார்த்துத்தான் சொன்னார்.

விடுமுறைக்கு நாங்கள் யாரும் பெட்டியை எடுத்துப் போவதில்லை. துணியை ஒரு பையில் போட்டுக்கொள்வோம். அவர் அவளுடைய பெட்டியைத் தலையில் தூக்கினார். அவள் பானையிடம் போய்த் தன் டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். என்னிடம், “படத்துல ஈ உக்காராம பாத்துக்க” என்றாள்.

பள்ளி திறந்தது. வரிசையில் அவள் நிற்கிற இடம் எனக்கும் கன்னடக்காரிக்கும் நடுவில். நாங்கள் நகர்ந்து நிற்கவில்லை. மதர் எண்ணிக்கொண்டு வருவார். அந்த இடத்தில் அவர் விரல் காற்றில் ஒரு கணம் நிற்கும். நாற்பத்தொன்று என்று சொல்லிவிட்டு ஜெபத்தைத் தொடங்குவார். நகர்ந்து நில்லுங்கள் என்று அவரும் சொல்லவில்லை.

பொங்கல் முடிந்து பதில் வந்தது. மதர் சாப்பாட்டு அறையில் நின்று படித்துச் சொன்னார். அங்கே ஒரு டீச்சரம்மா எல்லா அட்டையையும் பார்த்தாராம். ஒன்றை எடுத்துத் தனியாக வைத்துக்கொண்டாராம். ராத்திரியில் தங்கள் ஊரில் வானத்திலிருந்து பனி பஞ்சு பஞ்சாகக் கொட்டும், அதை இந்தப் பிள்ளை அப்படியே போட்டிருக்கிறது, வெயில் ஊரில் இருந்துகொண்டு இதை எப்படிப் பார்த்தது, யார் இந்தப் பிள்ளை என்று கேட்டிருந்தார். படிக்கிறவரை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றும் எழுதியிருந்தார்.

மதர் கண்ணாடியைக் கழற்றினார்.

“மதர், அது உப்புங்க” என்றார் சமையல் அக்கா.

“தெரியும்.”

“என்னான்னு பதிலு எழுதப் போறீங்க?”

“நன்றின்னு எழுதப் போறேன்.”

பிறகு அவர் பானைப் பக்கம் போனார். சுவரில் தொங்கிய படத்தின் முன்னால் நின்றார். எழுத்தைப் படிக்கிறவர் மாதிரி இல்லை. ரொம்ப நேரம் நின்றார். கஞ்சி ஆறிப்போனது.

வத்தல்மலைக்குப் பஸ் கிடையாது. சந்தைக்கு இறங்கி வருகிற மலைக்காரர்களிடம்தான் சொல்லி அனுப்ப வேண்டும். சமையல் அக்கா சந்தைக்குப் போய்ப் புளி விற்க வந்த ஒருவரிடம் சொன்னார். அடுத்த சந்தையில் கடுக்காய்க்காரரிடம் சொன்னார். சொன்னதாகச் சொல்லிவிட்டார்கள், சேர்ந்ததா என்று தெரியவில்லை. தை ஓடிக்கொண்டிருந்தது. ரோட்டில் மேளம் கேட்டால் கன்னடக்காரி என்னைப் பார்ப்பாள். நான் வேறு பக்கம் பார்ப்பேன்.

அந்தப் படத்தாள் பிறகு எங்கே போனதென்று தெரியாது. தகரப் பெட்டியில் யாரோ ஊசி நூல் போட்டு வைத்தார்கள். பானைக்கு மேல் இருந்த படம் மழை வந்த வருடத்தில் சுவரோடு ஊறி விழுந்துவிட்டது. விடுதியும் இப்போது வேறு கட்டடம். போன மாதம் விடுதியில் படித்த எங்களில் சிலர் அங்கே கூடினோம். குழாய்த் தண்ணீர் குடித்தோம். கேட்டால் கேட்கிற அளவு கொடுக்கிறார்கள்.

அந்தத் தையின் கடைசி. சாயங்காலம். வரிசையில் நின்றோம். மதர் எண்ணி முடித்தார்.

“நாற்பத்தொண்ணு.”

கையைக் கூப்பினார். அப்போது வாசலில் தகரம் தரையில் இடிக்கிற சத்தம் கேட்டது. குட்டி வரிசையை விட்டு ஓடினாள். அவளை யாரும் தடுக்கவில்லை.

மலைக்காரியின் அப்பா பெட்டியை இறக்கிவிட்டு மூச்சு வாங்கினார். கால் முழுக்கச் செம்மண். மலைக்காரி அவர் பின்னால் நின்றாள். பாவாடைதான் கட்டியிருந்தாள். கழுத்தைப் பார்த்தேன். ஒன்றும் இல்லை.

“தண்ணி இருந்தாக் குடுங்கம்மா” என்றார் அவர். “காலைல எறங்குனது.”

மதரே பானையிடம் போனார். ஒரு டம்ளர் மொண்டு அவருக்குக் கொடுத்தார். இன்னொன்று மொண்டு மலைக்காரிக்குக் கொடுத்தார். அவள் ஒரே மூச்சில் குடித்தாள். மதர் டம்ளரை வாங்கி மறுபடி மொண்டு நிறையக் கொடுத்தார்.

“எழுதி வெச்சவங்களே மீறறாங்க பாரு” என்று கன்னடக்காரி என் காதில் சொன்னாள்.

மலைக்காரி டம்ளரைப் பிடித்துக்கொண்டு மேலே பார்த்தாள். மலை இருந்தது. மரம் இருந்தது. நடுவில் எழுத்து இருந்தது.

“எது புடிச்சுதாம் அவுங்களுக்கு?” என்று என்னைக் கேட்டாள்.

“திட்டு” என்றேன். “அவுங்க ஊருல பனி அப்பிடித்தான் கொட்டுதாம்.”

அவள் சிரித்தாள். வெள்ளைப் பல் அத்தனையும் தெரிந்தது. இரண்டாவது டம்ளரைப் பாதி குடித்து, மீதியை என்னிடம் நீட்டினாள். நான் குடித்து, கன்னடக்காரியிடம் கொடுத்தேன்.

“வரிசை” என்றார் மதர்.

அவள் வந்து நடுவில் நின்றாள். மதர் விட்ட இடத்திலிருந்து எண்ணவில்லை. குட்டியின் தலையிலிருந்து மறுபடி தொடங்கினார். ஒவ்வொரு தலையாக விரல் வைத்து வந்தார். என் தலையில் வைத்தார். அவள் தலையில் வைத்தார், விரலை அல்ல, கையை. பிறகு கன்னடக்காரி. பிறகு மற்றவர்கள்.

நாற்பத்திரண்டு.